ஒட்டாத பரப்பு செய்யப் போனபோது: பாலிமர் பிரஷ் அனுபவம்

என் ஆய்வுக்குப் புரதமும் பாக்டீரியாவும் ஒட்டாத ஒரு பரப்பு தேவைப்பட்டது. அதன்மேல் பாலிமர் சங்கிலிகளை வளர்க்கத் தேர்ந்தெடுத்த மோனோமர், அதாவது சங்கிலியின் கண்ணியாகும் சிறு மூலக்கூறு, சல்ஃபோபீட்டைன் மெத்தாக்ரிலேட். ஒரே மூலக்கூறில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் இருப்பதால் அது தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர்ப்படலம் புரதத்தை அண்டவிடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷாவோயி ஜியாங் குழுவினர் இதை நன்றாகவே நிறுவியிருந்தார்கள்.

தயாரான பாலிமரைக் கொண்டுவந்து ஒட்டினால் பெரும்பாலும் சில நானோமீட்டர் தடிமனோடு நின்றுவிடும். முதலில் வந்து படிந்த சங்கிலிகள் பின்னால் வருபவற்றுக்கு இடம் தருவதில்லை. அதனால் நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைப்பதுபோல, சங்கிலி வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் வினைதொடக்கியைப் பரப்பில் பதித்து அங்கிருந்தே சங்கிலிகளை வளர்க்க வேண்டும். நெருக்கமாக முளைத்தால் சாய இடமில்லாமல் நிமிர்ந்து நிற்கும்; அதுதான் பிரஷ். வளர்க்கும் முறை ஏடிஆர்பி (ATRP, atom transfer radical polymerization): செப்பு வினையூக்கியின் உதவியோடு சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு வளர்க்கும் முறை. 1995இல் மத்யாஷெவ்ஸ்கி குழுவும் சவாமோட்டோ குழுவும் தனித்தனியே வெளியிட்டது.

பாலிமர் வளர்வது கடைசிக் கட்டம். உழைப்பெல்லாம் அதற்கு முன்னால்தான். வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கான் தகட்டைப் பைரானா கரைசலில் சுத்தம் செய்தேன்: கந்தக அமிலம் மூன்று பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு. பக்கத்தில் அசிட்டோன் இருக்கவே கூடாது, வெடிக்கும். மீதியை மூடிய பாட்டிலில் வைத்தாலும் வெடிக்கும். சுத்தமான வேஃபரில் தண்ணீர் சொட்டு நிற்காது, அப்படியே பரவிவிடும்.

அடுத்து, வேஃபரையும் வினைதொடக்கியையும் இணைக்கும் பாலமான அமினோ சிலேனை டொலுயீனில் கரைத்துப் படியவைக்க வேண்டும். எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இதுதான். மழை நாட்களில் காற்றின் ஈரம் டொலுயீனில் இறங்க, சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து பரப்பில் திட்டுத்திட்டாகப் படிந்தது. ஒரு நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டிய அடுக்கு கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்தது. நைட்ரஜன் பெட்டிக்குள் வேலையை மாற்றியதும் சரியானது. அப்புறம் அந்த அமீன்மேல் புரோமின் உள்ள வினைதொடக்கி. தொடுகோணம் (பரப்பில் நிற்கும் தண்ணீர்ச் சொட்டின் விளிம்புக் கோணம்) 70 பாகை அளவுக்கு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராத வேஃபரை நான் அங்கேயே ஒதுக்கிவிடுவேன். மோனோமர் விலை அதிகம், வீணாக்க மனம் வராது.

ஆக்ஸிஜன் இந்த வினைக்குப் பரம எதிரி. மெத்தனால்-தண்ணீர் கலவையில் நைட்ரஜனைப் பொறுமையாகக் குமிழவிட்டு, பிறகுதான் வினையூக்கியான செப்பு(I) புரோமைடும் அதைப் பிடித்துக்கொள்ளும் பைபிரிடினும் சேர்க்க வேண்டும். கரைசல் அடர்பழுப்பாக மாறும். நான் நம்பும் அடையாளம் அந்த நிறம்தான். ரப்பர் மூடியில் கசிவு இருந்தால் பச்சை தட்டும்; பச்சை வந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். செப்பு புரோமைடும் நல்ல நிலையில் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சை ஓடியிருந்தால் அசிட்டிக் அமிலத்தில் கழுவிக்கொள்வேன்.

வளர்ந்த பிரஷை உப்புநீரில் அலச வேண்டும். இந்தப் பாலிமர் வெறும் தண்ணீரைவிட உப்புநீரில் நன்றாகக் கரையும் என்பதால், பிணையாமல் சும்மா கிடப்பது போய்விடும். தடிமனை, ஒளியைக் கொண்டு மெல்லிய படலத்தை அளக்கும் எலிப்சோமீட்டரில் அளப்போம். ஆனால் 50 நானோமீட்டரை நெருங்கும்போது வேஃபரின் வெள்ளிப் பளபளப்பில் லேசான பழுப்பு ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

நிஜமான சோதனைக்கு, கண்ணாடித் துண்டில் பாதிக்கு மட்டும் பிரஷ் வளர்த்து, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆல்புமின் என்ற புரதக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினேன். நுண்ணோக்கியில் பிரஷ் இல்லாத பாதி பச்சையாக மின்னியது, பிரஷ் உள்ள பாதி கருப்பு. நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. எத்தனை நாள் உழைப்பு! அந்தப் படத்தை எங்கள் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. தண்ணீரில் நீண்ட நாள் கிடந்தால் பிரஷ் உப்பி, அடியிலுள்ள சிலேன் பிணைப்பை இழுக்கும். அந்தப் பிணைப்பு மெல்ல நீராற்பகுப்பில், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து, அறுந்து சங்கிலிகள் உதிரும். அதனால் சோதனை நாள்வரை வேஃபர்களை உலர்வாக நைட்ரஜனில் வைக்கிறேன். அடுத்து, பல இடங்களில் பற்றிக்கொள்ளும் அடித்தளப் பாலிமரில் வினைதொடக்கியை ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.