கேபிள்ல இல்லாத ஆளு

மார்ச் 4, 2024

தூதரக வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. ரங்கூன், பாங்காக், ஹனோய், ஜகார்த்தான்னு சுத்தின வாழ்க்கைய கதையா எழுதணும்னு உக்காந்து இன்னைக்குத்தான் முதல் கதை முடிஞ்சுது. வீட்டுக்காரி படிச்சுட்டு "என்னங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா இதுல மனுஷங்க யாரையும் காணோமே"ன்னு சொன்னா. சுருக்குனு இருந்துச்சு, ஏன்னா அது உண்மை. முப்பத்தஞ்சு வருஷமா கேபிள், அதாவது தூதரகத்துலேர்ந்து தலைமையகத்துக்குப் போற அறிக்கை, எழுதின கை இது. அதுல 'நான்'னு வராது, 'தெரிய வருகிறது', 'கருதப்படுகிறது' இப்படித்தான் வரும். இன்னொரு நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்புற நோட் வெர்பால் இன்னும் மோசம், தூதரகம் தன்னோட வணக்கத்தத் தெரிவிச்சுக்கிறதா ஆரம்பிச்சு தூதரகம் தன்னோட உயர்ந்த மதிப்ப மறுபடியும் உறுதிப்படுத்திக்கிறதா முடியும், எழுதின ஆளு யாருன்னே தெரியாது.

மார்ச் 7

பாங்காக் பத்தி எழுதினேன், மளமளன்னு வந்துச்சு. அரச சபை பிராமணர்கள் தேவஸ்தான் கோயில்ல பாடுற திருவெம்பாவை, சொல்லெல்லாம் தேஞ்சு போய் நம்ம காதுக்கே பிடிபடாது. அந்த விழாவுக்குப் பேரே திரியம்பவாய். வெளிய சிவப்புத் தூணோட நிக்கிற பெரிய ஊஞ்சல், 1935க்கு அப்புறம் அதுல யாரும் ஆடல. நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா சுலபமா வந்ததுக்குக் காரணம் வேற, அங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல.

மார்ச் 8

ரங்கூன்ல ஒருத்தர் கேட்டார்.

மார்ச் 11

மூணு நாளா எழுதிக் கிழிச்சுட்டு, சரி இங்கயாவது எழுதிப் பாப்போம்னு.

1987. முதல் போஸ்டிங், எனக்கு வயசு இருபத்தேழு. டிரைவர் அங்கயே பொறந்த தமிழர், தாத்தா சிவகங்கைப் பக்கத்துலேர்ந்து போனவராம். 1964ல பர்மாவ ஆண்ட ஜெனரல் நே வின்னோட அரசாங்கம் கடைகள எல்லாம் தேசியமயமாக்கினப்போ கூட்டம் கூட்டமா கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தாங்கல்ல, அப்பவே இவரோட அண்ணனும் வந்துட்டாரு, அம்மாவுக்கு முடியலன்னு இவரு மட்டும் அங்கயே தங்கிட்டாரு. அதே 1964 மே மாசம் 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சதுல இவரோட அப்பா சேத்து வெச்சது போச்சு. 1985ல மறுபடியும் ஒரு தடவ. அதுக்குப் பதிலா புதுசா 75 கியாட் நோட்டு வந்துச்சு. இது இப்பதான் வந்த நோட்டு, இத யாரு தொடப்போறாங்கன்னு நம்பி பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாத்தையும் 75ஆவே சேத்திருக்காரு.

1987 செப்டம்பர் 5. 25, 35, 75 எதுவும் செல்லாது, மாத்திக் குடுக்குறதும் இல்ல. அன்னைக்கே மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. அப்புறம் 45, 90 கியாட் நோட்டு வந்துச்சு, ஒன்பதால வகுபடுற நம்பர்தான் ஜெனரலுக்கு ராசின்னு ஊரே பேசிக்கிச்சு. நான் கேபிள் எழுதினேன். நாலு பாரா. பொருளாதார விளைவு, மாணவர் மனநிலை எல்லாம் இருந்துச்சு, மேலதிகாரி நல்லா இருக்குன்னார்.

சாயங்காலம் எப்பவும் போல வீட்டு வாசல்ல கொண்டு வந்து விட்டாரு, ஆனா வண்டிய அணைக்கல. பழைய கைலித் துணியில சுத்தின கட்ட எடுத்து சீட்டு மேல வெச்சுட்டு, திரும்பாமலே கேட்டாரு: "ஐயா, நம்ம ஆபீசுல இத மாத்தித் தர வழி இருக்குங்களா?"

இல்லன்னு சொன்னேன். அது சரியான பதில்தான், வழி எதுவும் இல்ல. அவர் "சரிங்கய்யா"ன்னு துணிய மறுபடி முடிச்சுப் போட்டாரு. நான் இறங்கி உள்ள போயிட்டேன். ஒரு நிமிஷம் கூட உக்காரல.

மார்ச் 12

ராத்திரி மகள்கிட்ட போன்ல சொன்னேன். "அப்பா, அரசாங்க ரகசியச் சட்டம் அது இதுன்னு இத்தனை நாள் தயங்கிட்டே இருந்தீங்களே, இத எழுதலாமா?"ன்னு கேட்டா. எழுதலாம். கேபிள்ல இருக்கறதத்தான் நான் வெளிய சொல்லக்கூடாது. இவர் அந்த நாலு பாராவுல எங்கயுமே இல்லையே. இதச் சொல்றப்போ எனக்கே தொண்ட அடைச்சிருச்சு. ஒவ்வொரு ஊர்லயும் இப்படி எத்தன பேர விட்டுட்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன், ஹனோய்ல மொழிபெயர்ப்பு பண்ணின பொண்ணு, ஜகார்த்தால ராக்காவல் இருந்த பெரியவர்.

மார்ச் 15

'நான்'னு ஆரம்பிச்சு பதினொரு பக்கம் எழுதிட்டேன். இறங்கி உள்ள போனதையும் அப்படியே எழுதியிருக்கேன், மாத்தல. அடுத்த வருஷம் 1988 ஆகஸ்ட் 8 கிளர்ச்சிக்கு அப்புறமும் ஒரு வருஷம் அவர்தான் எனக்கு வண்டி ஓட்டினாரு. அத்தன நாள்ல பொண்ணு கல்யாணம் என்னாச்சுன்னு ஒரு தடவ கூட நான் கேக்கல. கதைக்கு அந்த இடம் வேணும்தான். நானா கற்பனை பண்ணி ஒரு கல்யாணத்த நடத்தி வெக்க மனசு வரல, அந்தப் பக்கத்த வெறுமையாவே விட்டிருக்கேன்.