முதல் வாக்கியம்

மார்ச் 3
எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்ற மனநோய் இருப்பதை, அவனோடு சண்டை போட்ட ராத்திரியில் மட்டும் சொல்லக் கூடாது. அன்றைக்குச் சொன்னால் நோயின் பெயர் சாக்காகத்தான் அவன் காதில் விழும். இரண்டு நாளாவது ஆறட்டும். மறுநாள் இருவருக்கும் லீவாக இருக்கிற சாயங்காலமாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 4
முதல் வாக்கியம் வரவில்லை.

மார்ச் 6
பெயரில் தொடங்குவதா, அறிகுறியில் தொடங்குவதா? பெயரைச் சொன்ன கையோடு போனை எடுத்துத் தேடுவான். பெயரே குழப்பம். உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் 1938இல் ‘பார்டர்லைன்’ என்று எழுதியபோது, நியூரோசிஸுக்கும் (பதற்றம் மாதிரியான மனக்கோளாறு) சைக்கோசிஸுக்கும் (நிஜத்தோடு தொடர்பு அறுந்த நிலை) நடுக்கோட்டில் நிற்பவர்கள் என்று பொருள். அந்தக் கருத்து போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கேட்பவருக்கு ‘சுகர் பார்டர்லைன்ல இருக்கு’ என்பது மாதிரி, லேசாகத்தான் போல என்று படும்.

அதனால் அறிகுறி முதலில். “மெசேஜுக்கு நீ 40 நிமிஷம் பதில் போடலைன்னா, நீ என்னை விட்டுட்டுப் போயிட்டேன்னு என் உடம்பே நம்பிடும். அப்படி இல்லைன்னு அறிவுக்குத் தெரியும். கை மட்டும் நடுங்கிட்டே இருக்கும்.” இதற்குப் பிறகு பெயர்.

மார்ச் 7
அறிகுறிப் பட்டியலில் ஒன்பது. ஐந்து இருந்தால் டயக்னோசிஸ். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ எத்தனை விதமாகச் சேரும் என்று கணக்குப் போட்டால் 256 வருகிறது. அவன் இணையத்தில் படிக்கப்போவது வேறு யாருடைய ஐந்தோ. ஒன்பதையும் ஒப்பிக்க வேண்டாம், இருப்பதை மட்டும் சொன்னால் போதும்.

மார்ச் 9
டைப் செய்து அழித்தது மூன்று தடவை. மெசேஜில் சொல்லவே கூடாது. ப்ளூ டிக் விழுந்த பிறகு வரும் 40 நிமிஷத்தை யார் தாங்குவது.

மார்ச் 10
கேட்கப்போகிற கேள்விகள்.

“பைபோலாரா?” இல்லை. பைபோலாரில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் உற்சாகத்திலோ சோர்விலோ ஒரே பக்கம் நிற்கும். இதில் சில மணி நேரத்திலேயே புரண்டுவிடும், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல்லில்.

“மாத்திரை இருக்கா?” இதற்கென்றே அங்கீகரித்த மாத்திரை கிடையாது. தூக்கமின்மை, மனச்சோர்வு போன்ற கூடவே வருபவற்றுக்குத் தருவார்கள். முதன்மைச் சிகிச்சை தெரபிதான்.

“சரியாகுமா?” ஆராய்ச்சியாளர் மேரி ஜனரினியின் குழு இந்த நோயுள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட பத்தாண்டு முடிவில், 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு வருஷம் தணிந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து தேறியவர்கள் பாதிப் பேர்தான். இந்த இரண்டாவது எண்ணை விழுங்கிவிட ஆசையாக இருக்கிறது. விழுங்கினால் பிறகு அவனே தேடிக் கண்டுபிடிப்பான்.

இந்த நோய்க்குத் தரப்படும், உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி தெரபியை உருவாக்கிய மார்ஷா லினஹனே தன் இளமைக்கால மனநோயை 2011இல், 68 வயதில்தான் வெளியே சொன்னார். இது ஆறுதலா, பயமா, தெரியவில்லை.

மார்ச் 12
“பொறுத்துக்கோ” என்று கேட்டால் அவன் என்னதான் செய்வான்? செய்யக்கூடியதாகக் கேட்க வேண்டும்: “சண்டை முத்தினா வெளியே போ, ஆனா எட்டு மணிக்கு வரேன்னு நேரம் சொல்லிட்டுப் போ.” அவன் போவதால் அல்ல, எப்போது வருவான் என்று தெரியாததால்தான் எல்லாம் வெடிக்கிறது.

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது? டாக்டர் எண், அவசர எண் இரண்டும் காகிதத்தில் எழுதி அவன் கையில். தெரபிஸ்ட் வேலையை அவன் தலையில் கட்டக் கூடாது.

மார்ச் 13
சொல்லி முடித்ததும் வாய் வரை வரும்: “என்னை விட்டுப் போயிட மாட்டல்ல?” அப்போது பேசுவது நோய். கேட்டால் “மாட்டேன்” என்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. அதுவும் ஒரு மணி நேரம் தாங்கும், மறுபடி கேட்கச் சொல்லும்.

அதற்குப் பதில்: “ஒரு வாரம் யோசி. அடுத்த சனிக்கிழமை பேசலாம்.” தேதி வைத்தே தீர வேண்டும்.

நெஞ்சு படபடத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் போட்ட தண்ணீரில் முகத்தை 30 விநாடி அமிழ்த்தினால் துடிப்பு இறங்கும். இதயக் கோளாறு இருப்பவர்கள் செய்யக் கூடாது.

மார்ச் 14, சனி
ஐஸ் இருக்கிறது. காகிதம் மடித்தாயிற்று. 40 நிமிஷத்தில் இருந்தே தொடங்கலாம். மணி 6.10, ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவன்