இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் காற்றைத் தேடுங்கள்

சுமையை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறும் டீசல் வண்டி திடீரென்று இழுக்க மறுத்துக் கரும்புகையையும் தள்ளத் தொடங்கினால், பலரும் முதலில் கைவைப்பது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ பம்பிலோதான். இழுவை வண்டிகளோடு பழகியவன் என்ற முறையில், அந்த வரிசை தலைகீழானது என்று உறுதியாகச் சொல்வேன். இழுவைக் குறைவும் கரும்புகையும் சேர்ந்தே வருகின்றன என்றால், எஞ்சினுக்கு டீசல் தாராளமாகக் கிடைக்கிறது, அதை எரிப்பதற்கான காற்றுதான் போதவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும். டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, டேங்கிலிருந்து டீசலை ஏற்றும் பம்ப் தளர்ந்தாலோ வண்டி இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அப்போது கரும்புகை வராது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினில் எரிபொருள் கடைசி நொடியில்தான் பீய்ச்சப்படுகிறது. காற்றோடு சீராகக் கலக்க அதற்கு நேரமில்லை. ஆகவே கணக்குப்படி தேவையானதைவிடக் கூடுதலாகவே காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும். ஐடிலில் நிற்கும் எஞ்சினுக்கு இந்தக் கூடுதல் பல மடங்கு இருப்பதால், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ அனுப்பும் காற்றில் கணிசமான பகுதி வழியில் கசிந்தாலும் அது வெளியே தெரியாது. எனவே வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை. சுமையோடு, ஏற்றத்தில், உயர்ந்த கியரில் ஓட்டும்போது கிடைக்கும் அளவுகளே இந்தக் கோளாறைப் பற்றி உண்மையைச் சொல்லும்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன், வண்டியின் இழுவை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, அல்லது சுமைதான் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால்கூட எஞ்சின் திணறும். ஓட்டி நிறுத்தியவுடன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் அனல் வீசுவதைக் கொண்டே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இனி, காற்று செல்லும் வழியிலேயே நாமும் செல்ல வேண்டும். முதலில் ஏர் ஃபில்டர். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைவிட, ஃபில்டர் பெட்டியில் அடைப்பைக் காட்டும் கேஜ் இருந்தால் அதைப் பார்ப்பது மேல். ஃபில்டரிலிருந்து டர்போவுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸையும் விட்டுவிடக் கூடாது. பழைய ஹோஸின் உட்சுவர் உரிந்து தொங்கலாம். முழு வேகத்தில் டர்போ உறிஞ்சும்போது ஹோஸே சப்பிப்போய், எஞ்சின் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடலாம்.

நான் மிக அதிகமாகக் கண்டிருக்கும் கோளாறு இதற்கு அடுத்த பகுதியில், அதாவது டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில்தான் இருக்கிறது. அப்படி ஒரு வண்டியில் இன்ஜெக்டர்கள் அனைத்தையும் மாற்றச் சொல்லி உரிமையாளரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். எஞ்சின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டிச் சுமையோடு ஓட்டியபோது, அந்தக் கணினி கேட்ட பூஸ்டில், அதாவது டர்போ ஏற்ற வேண்டிய காற்றழுத்தத்தில், ஏறக்குறைய பாதிதான் எட்டியது. இன்டர்கூலருக்கு வரும் ஹோஸ் மேலிருந்து பார்க்கப் புதிதுபோல இருந்தது. ஆனால் அதன் அடிப்புறத்தில், கிளாம்ப் பிடித்திருக்கும் விளிம்பையொட்டி, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. துடைத்துவிட்டு இரு கைகளாலும் ஹோஸை மடக்கியபோது ஒரு வெடிப்பு உதடுபோல் விரிந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் இத்தகைய வெடிப்பை வெறும் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. எண்ணெய்ப் பிசுக்குதான் அதைக் காட்டிக்கொடுக்கும் நம்பகமான தடயம்.

ஐயம் தீர வேண்டுமானால், எஞ்சினை நிறுத்திவிட்டு டர்போவின் நுழைவாயிலை அடைத்து, ரெகுலேட்டர் வழியாக ஏறக்குறைய 1 பார் அளவுக்குக் காற்றை மெதுவாக ஏற்றி, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தெளித்துப் பார்க்கலாம். அடைப்பானை நன்றாக இறுக்கிக் கட்டுவதும், அதற்கு நேர் எதிரே நிற்காமல் இருப்பதும் கட்டாயம். அது பிய்த்துக்கொண்டு பறந்தால் முகத்தைப் பதம் பார்த்துவிடும். திறந்திருக்கும் வால்வுகள் வழியே கொஞ்சம் காற்று எப்போதும் போய்க்கொண்டிருக்கும். அதைக் கசிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழாய்களில் கசிவில்லை என்றால் அடுத்தது டர்போ. அதன் தண்டில் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையால் உணரும்படி ஆட்டம் இருந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ டர்போ முடிந்துவிட்டது என்று பொருள். இலைகளின் கோணம் மாறும் வகை டர்போவில், புகைக்கரி படிந்து இலைகள் சிக்கிக்கொள்வதும், அவற்றை அசைக்கும் வாக்குவம் குழாயில் ஊசிக்கண் அளவு விரிசல் விழுவதும் அடிக்கடி நிகழ்பவை. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகையின் விசைதான் என்பதால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுவரும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கட் கசிவோ இருந்தாலும் பூஸ்ட் விழும். கசியும் இடத்தைச் சுற்றிக் கரி அப்பியிருக்கும்.

எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு முழுமையாக மூடாமல் நின்றுவிட்டால், ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை எரிந்த புகை பிடித்துக்கொள்ளும். புகைவழியை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கின் தடுப்புத் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கினாலும், சைலன்சர் உள்ளே இடிந்து அடைத்தாலும் எஞ்சினால் மூச்சை வெளியே விட முடியாது. புகைக்கரி ஃபில்டர் பொருத்திய வண்டியில் குழாயின் முனையிலேயே கரும்புகை தெரிந்தால், அந்த ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது அகற்றப்பட்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஃபில்டர் கரியை வெளியே விடாது.

சென்சார்களைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், காற்று எஞ்சினுக்குள் நுழையும் மேனிஃபோல்டின் அழுத்த அளவை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். கடல் மட்டத்தில் அது 100 கிலோ பாஸ்கலை ஒட்டியும், உயரமான இடத்தில் சற்றுக் குறைவாகவும், வளிமண்டல அழுத்தத்தைக் காட்டும் சென்சாரோடு ஒத்தும் இருக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால், கணினி பொய்யான காற்றுக் கணக்கை நம்பி டீசலை அளந்துகொண்டிருக்கிறது. ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறுக் குறியீடு வந்தாலும், பூஸ்ட் போதவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. டர்போவை மாற்றச் சொல்லவில்லை.

இவ்வளவும் சரியாக இருந்த பின்னரே இன்ஜெக்டர்களைச் சந்தேகிப்பேன். ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலை அளந்தும், எந்த சிலிண்டருக்குக் கணினி அதிகமாகத் திருத்தம் செய்கிறது என்று ஸ்கேனரில் பார்த்தும் தவறு செய்யும் ஒன்றைக் கண்டறியலாம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் செல்லும் காமன் ரெயில் எஞ்சின்களில் டீசலின் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகும். கசிவைத் தேடி விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம்.

கோளாறு தீரும்வரை வண்டியை ஓட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், புகை தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கியரைக் குறைத்து மெதுவாக ஏறுங்கள். காற்றுக் குறைவாக இருக்கும்போது கூடுதலாக ஊற்றும் டீசல் எக்சாஸ்ட் வெப்பத்தைத்தான் ஏற்றும். டர்போவுக்கு முன்னால் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால், அலுமினிய பிஸ்டன்கள் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. பழுது நீங்கிய பின், அதே சுமையோடு அதே ஏற்றத்தில் ஓட்டி, கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் நெருங்கிவிட்டனவா என்று பாருங்கள். வண்டி நெடுநாள் புகைந்து ஓடியிருந்தால் எஞ்சின் ஆயிலில் கரியும் டீசலும் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.