எந்த மூடி, தம்பி?

மூன்று வருடம் விவசாயிகளுக்கு செல்போனில் தகவல் அனுப்பும் ஒரு சேவையில் இருந்தேன். எனக்கு எழுதுகிற வேலை. வேளாண் நிபுணர் கொடுக்கும் இரண்டு பக்கக் குறிப்பை ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் அடக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அந்த 70-லும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக இடம் பிடிக்கும். 'பூச்சிக்கொல்லி' என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து, கணக்குக்குப் பதினான்கு. ஐந்தில் ஒரு பங்கு செய்தி அந்த ஒரு சொல்லிலேயே காலி. அதனால் 'மருந்து' என்று போடுவோம். அதற்கு ஏழு போதும். எந்த மருந்து என்று சொல்லத்தான் இடம் இருக்காது.

என் மிகப் பெரிய சொதப்பலும் இப்படி இடம் மிச்சம் பிடிக்கப் போய் வந்ததுதான். நிபுணர் எழுதியிருந்தது லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று. வயலில் யார் மில்லியில் அளக்கிறார்கள்? முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயர் டேங்குக்கு எத்தனை மூடி என்பதுதான் அங்கே கணக்கு. சரி, அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிடலாம் என்று 'டேங்குக்கு 2 மூடி' என்று எழுதி அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, எந்த மூடி? சின்ன பாட்டில் மூடியா, பெரிய பாட்டில் மூடியா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் விடவில்லை. "டேங்கும் எதுன்னு சொல்லுங்க. என்கிட்ட பதினாறு லிட்டர் டேங்க். பக்கத்துத் தோட்டத்துல பத்து லிட்டர்தான்."

"ஐயா, தப்பு எங்க மேலதான். இன்னைக்கு அடிக்க வேண்டாம், சரியான அளவு அனுப்புறோம்" என்றேன். அன்று இரவே திருத்தம் போனது. ஆனால் முதல் செய்தியைப் படித்த அத்தனை பேரும் இரண்டாவதையும் படித்திருப்பார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. பதிவு செய்த எண் பல வீடுகளில் மகனுடையது. மகன் எங்கோ வேலையில் இருப்பான், வயல் அப்பாவிடம் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ராஜ மரியாதை விலைச் செய்திக்குத்தான். தினமும் காலையில் நாலைந்து சந்தைகளின் விலை போய்விட வேண்டும். அதற்குக் காரணம் ஒரு மீன் கதை. எங்கள் துறையில் யார் கூட்டம் போட்டாலும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். 1997 ஜனவரி 14 அன்று கேரளத்தின் வடகரையில் 11 மீனவர்கள் பிடித்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கொட்டப் போகிறார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அந்த ஆண்டு தொடங்கி 2001-க்குள் அந்தக் கடற்கரைக்கு செல்போன் வந்து சேர்ந்தது. கடலில் இருந்தபடியே நாலு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் படகைத் திருப்ப ஆரம்பித்தார்கள். மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் ஆய்வாளர் 2007-இல் வெளியிட்ட கணக்கு இது. எனக்கும் பிடித்த கதைதான், நானும் பத்து இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் படகு ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிறது, சுக்கானைத் திருப்பினால் வேறு கரை. நாலு மூட்டை வைத்திருப்பவருக்கு அடுத்த சந்தைக்குப் போக வண்டி வாடகை இருக்கிறது, ஏற்றுகூலி இருக்கிறது, அங்கே அன்றைக்கே விற்காவிட்டால் ராத்தங்கல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் முன்பணம். விதைக்கும்போதே வியாபாரியிடம் பணம் வாங்கியவருக்கு நான் நாலு சந்தை விலை அனுப்பி என்ன ஆகப் போகிறது? மூடி கேட்ட அதே பெரியவர்தான் இதையும் சொன்னார். "விலை எங்களுக்குத் தெரியாம இல்ல தம்பி. தெரிஞ்சு வயித்தெரிச்சல் படுறதுக்கு எதுக்கு ஒரு மெசேஜ்?"

இதை அலுவலகத்தில் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. அப்புறம்தான் மகாராஷ்டிரத்தில் நடந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. மார்செல் ஃபாஃப்ஷாம், பார்ட் மின்டன் என்ற இருவர் 100 கிராமங்களில் விவசாயிகளைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு வருடம் இலவசமாக விலையும் வானிலையும் பயிர்க் குறிப்பும் எஸ்எம்எஸ்ஸில் கிடைக்கச் செய்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. செய்தி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் விற்ற விலையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. பெரியவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதற்காக விலைச் செய்தியே வீண் என்று சொல்ல மாட்டேன். வயலுக்கே வந்து வாங்கும் வியாபாரியிடம் போனைக் காட்டிப் பேரம் பேசியவர்களை எனக்குத் தெரியும். கையில் கடன் இல்லாதவர்கள் அவர்கள், அல்லது ஒரு வாரம் சரக்கை வைத்திருக்க இடம் உள்ளவர்கள். மற்றவர்களுக்கு எங்களால் கிடைத்த காசு பெரும்பாலும் செலவாகாமல் மிஞ்சிய காசு. மாலை ஐந்து மணிக்கு 'நாளை மழை வாய்ப்பு, உரம் போட வேண்டாம்' என்று ஒரு வரி போகும். மூட்டை பிரிக்காமல் நிற்கும். மறுநாள் மழையில் கரைந்து ஓடியிருக்க வேண்டிய உரம் அது. இதை வருமானம் என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியவில்லை, எங்கள் மேலாளருக்கும் அதில் ஆர்வமில்லை.

பயிர் ஆலோசனையின் பலனை அளந்தும் இருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2019-இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் மைக்கேல் கிரெமர், அதே ஆண்டு பொருளியல் நோபல் வாங்கியவர். போனில் வரும் ஆலோசனையால் விளைச்சல் சராசரியாக 4 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. கேட்கச் சின்ன எண். ஆனால் ஒரு செய்தி அனுப்ப ஆகும் செலவு அதைவிடச் சின்னது.

மூடி விவகாரத்துக்குப் பிறகு எஸ்எம்எஸ்ஸைக் குறைத்துக் குரலுக்கு மாறினோம். குஜராத்தில் 'அவாஜ் ஓட்டலோ' என்று ஒன்று நடத்தினார்கள். அவாஜ் என்றால் குரல், ஓட்டலோ என்றால் நம் திண்ணை. விவசாயி போனில் கேள்வியைப் பேசிப் பதிவு செய்யலாம், பதில் குரலிலேயே வரும், அடுத்தவர் கேட்ட கேள்வியையும் கேட்கலாம். நாங்கள் செய்தது கிட்டத்தட்ட அதேதான். மிஸ்டு கால் கொடுத்தால் எங்கள் பக்கமிருந்து திரும்ப அழைப்பு போகும், அவருக்குச் செலவில்லை.

இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்விகளைக் கேட்பேன். பின்னால் மோட்டார் ஓடும், நாய் குரைக்கும், ஒரே வரியை மூன்று முறை ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு நாள் ஓர் அம்மா, "பயிர் மஞ்சளாப் போகுது, என்ன போடணும்?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பழைய நானாக இருந்தால் யூரியா என்று மூன்றெழுத்தில் முடித்திருப்பேன். நிபுணரிடம் கேட்டேன், அவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார். கீழே இருக்கிற முதிர்ந்த இலை மஞ்சளா, மேலே வரும் இளந்தளிர் மஞ்சளா? கீழே என்றால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. தளிர் என்றால் இரும்போ கந்தகமோ, அதற்கு யூரியா கொட்டினால் தண்டம்.

காலையில் அந்த அம்மாவை அழைத்தேன். "இருப்பா, பார்த்துட்டு வரேன்" என்றார். செருப்புச் சத்தம், வரப்பு ஈரத்தில் கால் பதியும் சத்தம், ஒரு பெருமூச்சு. இலையைப் பிடித்துக் கிழிப்பதுகூடக் கேட்டது.

"மேல இருக்கறதுதாம்பா. கீழ நல்லாப் பச்சையாத்தான் இருக்கு."

யூரியா வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். மகன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான் என்றார். போனை அப்படியே பிடித்தபடி, "டேய், நில்லுடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் ஹெட்போன் கரகரத்தது.