ரத்தம் கொடுக்கிற நாட்கள்

பிப்ரவரி 3

தம்பிக்குக் கிட்னி கொடுக்கலாமா என்று பார்க்க ரத்தம் எடுக்கிற லேபில் மறுபடி மயங்கி விழுந்துவிட்டேன். குழாய் பாதிகூட நிறையவில்லை. கண் விழித்தபோது அந்தப் பெண் என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ரிலாக்ஸா இருங்கக்கா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்கிறாள். வலிக்கு யார் பயந்தார்கள்? பிரசவத்தைப் பார்த்தவள் நான். அந்தக் குழாயில் கருஞ்சிவப்பாக ஏறுகிறதே, அதுதான்.

பிப்ரவரி 4

தம்பிக்கு இன்று டயாலிசிஸ். நான் போகவில்லை.

பிப்ரவரி 7

மனநல டாக்டரிடம் போய் வந்தேன். கிட்னி கொடுக்க வருகிற எல்லோரையும் பார்ப்பார்களாம், நான் விழுந்ததற்காக இல்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லைதான்.

அப்புறம் மயக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்த வயதிலிருந்து, வீட்டில் வேறு யாருக்கு? அம்மாவுக்கு உண்டு, பெரிய மாமாவுக்கு உண்டு, தாத்தா கோழி அறுக்கிற பக்கமே போகமாட்டாராம். போபியா என்கிற மிகையான பயங்களிலேயே இந்த ரத்த பயம்தான் குடும்பத்தில் அதிகம் ஓடுகிறது என்றார். நாய்க்கோ உயரத்துக்கோ பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ஆனால் ஆள் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் என்றால் மட்டும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரிந்துவிடுகிறது, மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து ஆள் கீழே. அழுத்தம் சரிகிற நேரத்தில் உடம்பைத் தளர்த்தினால் இன்னும் சரியத்தானே செய்யும்! பள்ளிக்கூடத்து தடுப்பூசியிலிருந்து இத்தனை வருஷமாக எல்லோரும் எனக்குச் சொன்ன புத்திமதி தலைகீழாக இருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது, கோபமா நிம்மதியா தெரியவில்லை.

பிப்ரவரி 8

மயங்காமல் இருக்க டாக்டர் சொன்ன பயிற்சி: கை, தோள், தொடை எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு ஏறும்வரை வைத்திருக்க வேண்டும், பத்துப் பதினைந்து வினாடி. பிறகு சாதாரண நிலைக்கு வந்து அரை நிமிடம். திரும்ப ஐந்து தடவை. ஊசி குத்துகிற கையை மட்டும் விட்டுவிட வேண்டும். 1980களில் ஸ்வீடனில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையாம்.

பிப்ரவரி 9

அம்மா சோபாவில் முஷ்டியை முறுக்கிக்கொண்டு மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்றால், "எங்க காலத்துல யாருடி இதெல்லாம் சொன்னா" என்கிறாள். மூச்சை அடக்காதே என்று சொல்லிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12

தூக்கம் இல்லை. சித்தி போனில், "உன் தம்பிக்கு மனசு கெட்டி, அதான் தாங்குறான்" என்றாள். அப்போதிலிருந்து எரிகிறது. அப்பாவின் குடி, கடன்காரர்கள், அம்மா பெட்டியோடு ஊருக்குப் போன நாட்கள், இப்படி ஒவ்வொன்றாக எழுதினால் எங்கள் இருவருக்கும் எதிர்காலமே இல்லை என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். டாக்டர் சொன்ன ஆய்வைத் தேடிப் படித்தேன். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் குழுவினர் நடுவயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல ஆபத்துகள் சேர்ந்து இருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நன்றாகவே வளர்ந்திருக்கிறார். அவர்களுக்குப் பெரும்பாலும் பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ யாராவது ஒருவர் நிலையாக இருந்திருக்கிறார்.

எங்களுக்கு அத்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் வீட்டில் ரசம் சோறு, வீட்டுப்பாடம், அங்கேயே தூக்கம். மனசு கெட்டி என்று சொல்லி அத்தையை அழித்துவிடுகிறார்கள். தம்பி பெண்ணுக்கு ஏழு வயதுதான் ஆகிறது. இவன் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலையும்போது அவள் யார் வீட்டில் சாப்பிடுகிறாள்? நாளைக்கே போய் அழைத்து வரப் போகிறேன்.

பிப்ரவரி 13

ஊசி படம் பார்த்தேன். பிறகு ரத்தம் எடுக்கிற வீடியோ, சத்தம் இல்லாமல். பாதியில் காது அடைத்தது, தொடையை இறுக்கினேன், திறந்தது.

பிப்ரவரி 15

தம்பி பாப்பாவைப் பார்க்க வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, "தொட்டுப் பாரேன்க்கா" என்றான். முழங்கைக்குக் கீழே பிஸ்டுலா, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், புடைத்துக்கொண்டு இருக்கிறது. கண்ணை மூடாமல் விரலை வைத்தேன். உர்ரென்று ஓயாமல் அதிர்கிறது. வாரத்தில் மூன்று நாள் அதில்தான் இரண்டு ஊசி குத்துகிறார்கள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

பிப்ரவரி 17

நாளைக்கு க்ராஸ்மேட்ச், என் ரத்தமும் தம்பி ரத்தமும் ஒத்துப்போகுமா என்று பார்க்கிற டெஸ்ட். பாப்பா என் பக்கத்தில் தூங்குகிறாள்.

பிப்ரவரி 18

படுத்துக்கொண்டே கொடுத்தேன். லேப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், ரிலாக்ஸ் என்று சொல்லாதீர்கள், நான் காலை இறுக்குவேன், பயப்படாதீர்கள் என்று. மூன்றாவது குழாயில் ஓரமெல்லாம் இருட்டியது. இறுக்கினேன். வெளிச்சம் வந்தது. விழவில்லை.

ரிசல்ட் வர நாளாகும். அடுத்து சிடி ஆஞ்சியோவாம், கிட்னியின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கிற ஸ்கேன், அதற்கும் கையில் ஊசி வைத்துத்தான் மருந்து ஏற்றுவார்கள். தேதி கேட்டிருக்கிறேன்.