வீட்டிலேயே இருங்கள் என்றபோது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்

சென்ற வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "இந்தப் பசங்கதாம்மா அப்ப ஒரு பேச்சும் கேக்காம ஊர் சுத்தி எல்லாருக்கும் ஒட்ட வெச்சானுங்க" என்றார். அருகிலிருந்தவர்களும் ஆமோதித்தார்கள். சென்னையின் தண்டையார்பேட்டையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுத்துவரும் எனக்கு அந்தச் சொல் வலித்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரு வீடு என்பது ஓர் அறையும் சிறு சமையற்கட்டும்தான். அதில் ஆறு பேர் இருக்கும் குடும்பங்கள் பல. துறைமுகத்தில் சுமை தூக்கும் அப்பா, காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் அம்மா, ஆயா, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாளில் இவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் இருப்பது இரவில் மட்டுமே, அதுவும் பையன்கள் மாடிக்கோ படிக்கட்டுக்கோ பாயை எடுத்துக்கொண்டு போன பிறகுதான். "வீட்டிலேயே இருங்கள்" என்ற விதி, வீட்டில் இருக்க இடம் உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. 2020 ஜூன் மாதத்தில் மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்ததற்கு இந்த நெருக்கத்தைத் தவிர்த்துவிட்டு, பதினைந்து வயதுப் பையன்களின் கால்களைக் காரணமாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தப் பையன்கள் வெளியே வந்தார்கள் என்பது உண்மைதான். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கேரம் பலகை போட்டு நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்ததை நானே ஒரு நாள் பார்த்தேன். கண்டிக்கத்தான் மாடியேறினேன். நால்வரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அருகில் ஒரு சொம்பில் சோப்புத் தண்ணீர் இருந்தது. ஒவ்வொருவன் முறை வரும்போதும் ஸ்டிரைக்கரை அதில் முக்கி எடுத்து, சட்டை நுனியில் துடைத்த பிறகே அடித்தான். ஈரம் முழுதும் போகாததால் பலகையில் தூவியிருந்த போரிக் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு ஆட்டத்தையே கெடுத்தது. கெட்டாலும் கழுவுவதை அவர்கள் விடவில்லை. பலகையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்தால் ஆறடி இடைவெளி கிடைக்காது என்பதை அவர்களும் அறிவார்கள். முழு விதியையும் காக்க முடியாதபோது, தங்களால் காக்க முடிந்த பகுதியைத் தாங்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அன்று நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

பெரியவர்களின் சொல்லும் செயலும் பொருந்தாதபோது இந்த வயதுப் பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை நடைமுறைக்கு வந்தது. அன்று பகலில்தான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கடைசித் தேர்வை எழுதி முடித்திருந்தார்கள். 27ஆம் தேதி தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1 என்றாகி, பிறகு ஜூன் 15 என்றாகி, ஜூன் 9 அன்று ரத்தானது. அந்த இரண்டரை மாதமும், "நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாதாம், ஆனா பரீட்சைக்கு மட்டும் போகணுமா மிஸ்?" என்று கேட்ட மாணவிக்கு என்னிடம் பதில் இல்லை. அலைபேசி வழி வகுப்புகள் வந்தபோதும் இதே சிக்கல்தான். ஒரு வீட்டுக்கு ஒரு அலைபேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில். அலைபேசி உள்ள நண்பனின் தோளோடு தோள் ஒட்டிப் படிக்கட்டில் அமர்ந்தால்தான் பாடம் கேட்க முடியும் என்ற நிலையில் பாடத்தைக் கேட்பதா, இடைவெளியைக் காப்பதா என்பதை அந்தப் பிள்ளைகள்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை, என் மாணவன் ஒருவன் தெருவில் சைக்கிளில் வருவதைப் பார்த்துப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் சைக்கிளை நிறுத்தி, தலையைக் குனிந்தபடி, "ஆயாவுக்குச் சர்க்கரை மாத்திரை மிஸ்" என்று மட்டும் சொன்னான். பிறகு அவன் அம்மா சொல்லித்தான் மீதி தெரிந்தது. கடைகளுக்குப் போய்வருவது முழுவதும் அவன் பொறுப்பாக இருந்ததால், தன்னால் ஆயாவுக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்று இரண்டு மாதங்களாக அவன் வீட்டுக்குள் படுக்கவில்லை. இரண்டாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் கோணியை விரித்து உறங்கினான். சோற்றுத் தட்டை அம்மா வாசற்படியில் வைப்பார். அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி அங்கேயே வைப்பான். யாரும் அவனுக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 2020இல் அமெரிக்கப் பதின்வயதினரிடம் நடத்திய ஓர் ஆய்வில், விலகி இருந்ததற்குப் பெரும்பாலோர் சொன்ன காரணங்களில் பிறருக்கு நோய் வந்துவிடக் கூடாது என்பதும் ஒன்று என்று பின்னர் படித்தபோது, எனக்கு அந்தப் படிக்கட்டுத் திருப்பம்தான் நினைவுக்கு வந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ரேஷன் வரிசையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தார்கள், ஏனெனில் அவர்களுக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை. மொட்டை மாடி பையன்களுக்கு, படிக்கட்டும் பையன்களுக்கு. தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு இறங்குவது மட்டுமே அவர்களுக்குக் கிடைத்த வெளியுலகம். தரையில் வரைந்த வட்டங்களுக்குள் மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டு நிழலில் கூடி நிற்க, என் மாணவி ஒருத்தி தன் குடத்துக்குப் பக்கத்திலேயே, வட்டத்துக்குள், வெயிலில் நிற்பாள். கேட்டால், "அப்படித்தானே மிஸ் நிக்கச் சொன்னாங்க?" என்பாள்.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளிகள் திறந்தன. கேரம் ஆடிய பையன்கள் நால்வரும் அந்த வாரமே மாலை வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. விசாரிக்கப் போனபோது அவள் அம்மா என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்து, "ஒரு வருஷமா வீட்லயே இருந்து பழகிட்டாம்மா, இனிமே பள்ளிக்கூடம் எதுக்கு?" என்றார். அவள் சமையற்கட்டு வாசலில் நின்று, என்னையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.