கார் போச்சு, கராஜ் மிச்சம்

2022ல இலங்கையில பெற்றோல் தட்டுப்பாடு வந்த நேரம், கியூவில ரெண்டு ராத்திரி நிண்டன். ரெண்டாம் நாள் விடிய ஸ்டியரிங்ல தலை வைச்சபடி நித்திரையால எழும்பினப்ப, சரி இது இனி வேண்டாம் எண்டு முடிவெடுத்து அப்பாட பழைய காரை வித்துட்டம். 2020ல இருந்து வாகன இறக்குமதியை நிப்பாட்டி வைச்சிருந்ததால கிழட்டுக் காருக்கும் ஆக்கள் நல்ல விலை தந்தினம், அதால அப்பாவுக்கும் கொஞ்சம் மனம் ஆறிச்சு. மிஞ்சினது கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்கம் போற லேன்ல, வீட்டோட ஒட்டின பத்துக்குப் பதினெட்டு அடி கராஜ்.

கொஞ்சக் காலம் அது உடைஞ்ச ஃபேனும் ஆணி போட்ட பால்மா டின்னும் கிடக்கிற இடமா இருந்தது. வீட்டுக்குள்ள ரெண்டு பிள்ளையளும் அவையின்ர சத்தமும், மனிசிக்கு ஒபிஸ் கோல், அப்பாவுக்கு நியூஸ். எனக்குக் குந்தி இருக்க ஒரு மூலை இல்லை. அப்பதான் கராஜைத் துப்புரவாக்கி இருக்கிற இடமா மாத்துவம் எண்டு தோணிச்சு.

முதல்ல விட்ட பிழையைச் சொல்லுறன், நீங்கள் விடாதேங்கோ. வெளிநாட்டு வீடியோக்களைப் பாத்து புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் கார்ப்பெட், மின்னி மின்னி எரியிற லைட், பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பீன் பேக் எல்லாம் வேண்டிக்கொண்டு வந்து போட்டன். முதல் கிழமை ஹோட்டல் மாதிரி இருந்தது, பிறகு ஜூன் மழை துவங்கிச்சு, கார்ப்பெட் நனைஞ்ச நாய் மாதிரி மணக்குது, பீன் பேக்கில பச்சைப் பூஞ்சணம், சுவரில ஒட்டினது எல்லாம் கழண்டு தொங்குது. அந்த வீடியோக்காரர் குளிருக்கு அறையைச் சூடாக்கப் பாக்கினம், நாங்கள் வேர்வையில நிண்டுகொண்டு அதையே கொப்பி அடிக்கிறம். எங்களுக்கு வேண்டியது காத்து, ஈரமில்லாத நிலம், நுளம்பு இல்லாத பின்னேரம். இந்த மூண்டும் இருந்தா வெறும் பிளாஸ்டிக் கதிரையே காணும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீட். வேலைக்கு வந்த மேசன் பாஸ் கம்பி பிரஷால வடிவா உரஞ்சிப்போட்டு பெயின்ட் அடிப்பம் எண்டார், நான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். அந்தச் சீட்டை உரஞ்சவோ துளைக்கவோ கூடாது, தூசு நெஞ்சுக்குள்ள போனா வெளியில வராது, வருத்தம் காட்ட இருபது முப்பது வருசம் எடுக்கும். அதால கூரையைத் தொடாம, சுவரிலயிருந்து சுவருக்குச் சட்டம் அடிச்சு கீழ ஒரு சீலிங் போட்டம், பின் சுவரில மேல ஓட்டை வைச்ச சீமெந்துக் கல்லு நாலு பதிச்சம். முன் கதவைத் திறந்தா கடல் காத்து வந்து அந்த ஓட்டையால போகுது. செலவில பாதி இதுக்குத்தான் போச்சு, ஆனா பின்னேரம் மூண்டு மணிக்கும் உள்ளுக்கு இருக்கலாம்.

கடல் காத்தில உப்பும் சேந்துதானே வருது. பழைய சோனகத் தெரு இரும்புக் கடையில வேண்டின புதுக் கதவுப் பிணைச்சல் ஆறு மாதத்தில துருப்பிடிச்சுது. இரும்பு றாக்கை வைக்காதேங்கோ. பலகை றாக்கை வைச்சாலும் சுவரில முட்டாம நாலு விரல் தள்ளி வையுங்கோ, ஈரமும் கறையானும் சுவர் வழியாத்தான் வரும்.

கரண்டுக்கு முதல்ல வீட்டுக்குள்ள இருந்து கதவுக்குக் கீழால வயர் இழுத்து வைச்சிருந்தன், மழைத்தண்ணி வாசலில நிண்ட அண்டைக்கு அதைப் பாத்துப் பயந்து, ஆளைக் கூப்பிட்டு, கரண்ட் ஒழுகினா தானா நிக்கிற ட்ரிப் சுவிட்சோட தனி லைன் எடுத்தன். நுளம்புக்கு ஜன்னலுக்கு வலை, மூலையில கிடந்த பழைய டயர் ரெண்டும் அண்டைக்கே வெளியில. டெங்கு நுளம்பு கூடுதலா தேங்கி நிக்கிற நல்ல தண்ணியில முட்டை போடும், பூச்சாடித் தட்டில நிக்கிற தண்ணியே காணும்.

நிலத்தில இருபது வருச எண்ணெய்க் கறை. மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி ஊறவிட்டு, சவுக்காரத் தூள் போட்டு மூண்டு நாள் தேய்ச்சன். முக்கால்வாசி போச்சு, நடுவில ஒரு கறுப்பு வட்டம் மட்டும் போகவே இல்லை. "காரை வித்துப்போட்டு கார் நிண்ட இடத்தில நீ குந்தப் போறியோ" எண்டு அதுவரைக்கும் எட்டியும் பாக்காத அப்பா, ஒருநாள் வாசலில நிண்டு அந்த வட்டத்தைக் காட்டி, "உது கியர் பொக்ஸ் ஒழுகினது, உன்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய் வந்த அண்டைக்கு" எண்டார். அடுத்த நாள் அவற்ற சாய்மனைக் கதிரை தானா கராஜுக்கு வந்துட்டுது. தூக்கினது நான்தான், ஓடர் அவற்ற.

பிறகு கரம் போட். ஈர நாளில காய் ஓடாது, போரிக் பவுடரும் கட்டி படும். அப்பா சொன்ன வைத்தியம், போர்ட்டுக்கு மேல தாழ்வா ஒரு நாப்பது வோட்ஸ் மஞ்சள் குண்டு பல்ப் தொங்கவிடுறது. எல்ஈடி சரிவராது, அதில சூடு இல்லை. அரை மணித்தியாலம் எரியவிட்டா பலகை காய்ஞ்சு காய் வழுக்கிக்கொண்டு போகும். நான் காசு குடுத்து வேண்டின ஒரு லைட்டும் அந்த இடத்துக்கு இந்த வெளிச்சத்தைக் குடுக்கேல்லை. இப்ப ஏழு மணிக்கு பல்ப் எரிஞ்சா பக்கத்து வீட்டுப் பெடியள் பிளேன்டீ கோப்பையோட வந்து நிப்பாங்கள், சிவப்புக் காய்க்குச் சண்டை, அப்பாதான் அம்பயர். அவரும் களவு விளையாடுறவர்.

2025ல இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு முன் வீட்டு அங்கிள் புதுக் கார் எடுத்தார். நிப்பாட்ட இடமில்லை. வந்து, "தம்பி, உங்கட கராஜ் சும்மாதானே கிடக்கு, வாடகைக்குத் தாங்கோவன்" எண்டு கேட்டார், நல்ல தொகைதான், நான் ஒரு செக்கன் யோசிச்சன்.

அப்பா கதிரையில சாய்ஞ்சபடியே சொன்னார், "இல்லைத் தம்பி, அதில ஆக்கள் இருக்கினம்."

அங்கிளின்ர கார் இப்பவும் வெளியில மழையில நிக்குது. கொஞ்சம் பாவமாத்தான் கிடக்கு.